வலி மாத்திரை வலையில் உங்கள் பிள்ளை?

"விஷக் காய்ச்சல் போல இருக்குங்க ஐயா, நிலவேம்புக் கஷாயம் குடுங்க" என்று வேடசந்தூர் பக்கத்திலிருந்து மகனை அழைத்து வந்தார் ஒரு தாய். பையனுக்கு நூல் மில்லில் வேலை. மூன்று நாளாகக் கொட்டாவி, மூக்கு ஒழுகல், கால் உளைச்சல், பேதி. உடம்பெல்லாம் புல்லரிப்பு. ஆனால், காய்ச்சல் இல்லை! கண்ணின் பாவை அகல விரிந்திருந்தது.

தாயை வெளியே உட்கார வைத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தேன். நைட் ஷிப்ட் கால்வலிக்கு ஆரம்பித்த மாத்திரை. ஆறு மாதமாகத் தினமும். விற்றவன் பிடிபட்டதால் மூன்று நாளாகக் கிடைக்கவில்லை.

விஷயம் தெரிந்ததும் அந்தம்மா கேட்ட முதல் கேள்வி: "ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ்ல மாட்டி விட்ருவாங்களா?"

இந்தப் பயத்தில்தான் பலர் வீட்டுக்குள்ளேயே மறைக்கிறார்கள். அதனால் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

அபின் போன்ற போதைப்பொருள்களுக்கென்று 1857, 1878, 1930 என்று மூன்று பழைய சட்டங்கள் இருந்தன. அவற்றுக்குப் பதிலாக 1985 நவம்பர் 14 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. போலீஸ் மட்டுமல்ல, சுங்கம், கலால், வருவாய், மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கும் சோதனையிட அதிகாரம் தரலாம். இத்தனை பேரையும் ஒருங்கிணைக்க 1986-ல் மத்திய போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகம் வந்தது. டிரமடால் என்ற வலி மருந்து இந்தச் சட்டத்துக்குள் வந்தது 2018 ஏப்ரலில்தான்.

எங்கள் சித்த நூல்களிலும் அபின் உண்டு. ஆனாலும் உரிமமில்லாமல் குன்றிமணி எடை வைத்திருந்தாலும் என்மீதும் இதே சட்டம் பாயும். பெயர்ச்சீட்டில்லாத 'பலம் தரும் லேகியம்' எதையும் வாங்காதீர்கள்!

இதே சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர், தான் உபயோகித்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கினாலும், தானாக முன்வந்து அரசு ஆஸ்பத்திரியிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை பெற்றால் தண்டனை நடவடிக்கை கிடையாது. ஆனால் சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தச் சலுகை ரத்தாகலாம். விற்பவனுக்கு இது பொருந்தாது.

வீட்டில் பூட்டி வைத்து நிறுத்திவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சில வாரம் நிறுத்திய உடம்பு பழைய அளவைத் தாங்காது. மறுபடி அதே எண்ணிக்கையில் போட்டால் மூச்சே நின்றுவிடும். சாவுகள் இப்படியும் நேர்கின்றன.

என் சூரணத்தால் இது தீராது என்று அந்தம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னேன். "பயப்படாதீங்கம்மா, நாளைக்கே போங்க" என்று திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14446-க்குப் போன் செய்யுங்கள். கட்டணம் கிடையாது.