பார்வை நரம்பின் அழற்சி

கண் தெரியவில்லை என்று ஒருவர் வருகிறார். கருவிகொண்டு நோக்கினால் விழித்திரையும் நரம்பின் முகப்பும் பழுதின்றி இருக்கின்றன. நோயாளிக்கும் ஒன்றும் தெரியவில்லை, வைத்தியருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்று எங்கள் தொழிலில் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. அழற்சி கண்ணுக்குப் பின்னால், பார்வை நரம்பில் இருக்கிறது. ஒளியை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாற்றிக் காட்டினால், நோயுற்ற கண்ணின் பாவை சுருங்குவதற்குப் பதிலாக விரியும், குற்றம் வெளிப்பட்டுவிடும்.

வழக்கமான வடிவம் அத்துணை அச்சத்திற்குரியதன்று. இளவயது, பெரும்பாலும் பெண்கள், ஒரு கண், விழியை அசைத்தால் வலி, சிவப்பு நிறம் வெளிறித் தோன்றுதல், அவ்வளவே. சில வாரங்களில் பார்வை பெரும்பாலும் தானே திரும்பும். அமெரிக்காவில் 457 பேரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 1992-இல் வெளியாயிற்று. இரத்தக் குழாய் வழியே செலுத்திய ஸ்டீராய்டு மீட்சியை விரைவுபடுத்திற்று. ஆனால் இறுதியில் கிட்டிய பார்வையைப் பெரிதும் மாற்றவில்லை. மாத்திரையை மட்டும் உட்கொண்டவர்களுக்கோ நோய் மறுபடியும் வருவது அதிகமாயிற்று.

"பொறுத்திருங்கள், வந்துவிடும்" என்று இவ்வகையினரிடம் சொல்லலாம். வேறொரு வகையினரிடம் அதே சொல் பார்வையைப் பறித்துவிடும். இரு கண்களும் ஒருங்கே மங்குதல், வெளிச்சமும் தெரியாமற் போதல், மூன்று வாரமாகியும் மீளத் தொடங்காமை, மருந்தைக் குறைத்தவுடன் மீண்டும் மங்குதல், ஐம்பதைக் கடந்த வயது: இவற்றுள் ஒன்று காணினும் நான் ஐயுறுவேன். நாட்கணக்கில் நிற்காத விக்கலோ வாந்தியோ இருந்ததா என்றும் கேட்பேன். கண்ணுக்கும் விக்கலுக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வியக்கலாம். மூளைத் தண்டின் ஒரு பகுதியையும் இந்நோய் தாக்குவதுண்டு.

லியோன் நகரத்துத் தெவிக், பார்வை நரம்பும் தண்டுவடமும் ஒருங்கே கெடும் இந்நோயை 1894-இல் விவரித்தார். 2004-இல்தான் அந்நோயாளிகளின் இரத்தத்தில் தனிப்பட்ட எதிர்ப்பொருள் ஒன்று இருப்பது வெளியாயிற்று. நரம்பைத் தாங்கும் செல்களில் உள்ள அக்குவாபோரின் 4 என்னும் நீர்வாயில்களை அது பகையெனக் கருதித் தாக்குகிறது. மாக் என்னும் புரதத்தைத் தாக்கும் வேறொன்றும் உண்டு. அதில் நரம்பின் முகப்பு பெரிதும் வீங்கினும் பார்வை பெரும்பாலும் மீளும்.

மேகப்புண், காசநோய் முதலியன காரணமல்லவென்று தெளிதல் வேண்டும், எம்.ஆர்.ஐ. படமும் வேண்டும். ஆயினும் எதிர்ப்பொருள் சோதனையின் முடிவுக்காகச் சிகிச்சையை நிறுத்திவைத்தல் தகாது என்பது என் கருத்து. நாளொன்றுக்கு 1 கிராம் மீதைல்பிரெட்னிசலோன், 3 முதல் 5 நாட்கள். அது போதாதெனில் தாமதமின்றிப் பிளாஸ்மாவை மாற்றுதல். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்குரிய இண்டர்பெரான் போன்ற சில மருந்துகள் நீர்வாயில் வகைக்குத் தீங்கே செய்யும். மறு தாக்குதலைத் தடுக்க 2019 முதல் புதிய மருந்துகள் அங்கீகாரம் பெற்றுள்ளன. அவற்றின் விலை மிகுதி. ஆகவே நம் நாட்டில் பலருக்கு அசதயோபிரினும் ரிட்டுக்சிமாப்புமே ஆண்டுக்கணக்கில் கொடுக்கப்படுகின்றன.