‘ஓகே’ என வந்தால் போதுமா? கெர்னல் சோதனைத் தானியங்கிகள் எவ்வாறு அமைக்கப்படுகின்றன

பெங்களூரு: ஆண்ட்ராய்டு கைபேசிகள் முதல் வங்கிகளின் சர்வர்கள் வரை இயக்கும் லினக்ஸின் மையப்பகுதி ‘கெர்னல்’ எனப்படுகிறது. ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை அதன் புதிய பதிப்பு வெளியாகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன. இத்தனை மாற்றங்களையும் மனிதர்கள் ஒவ்வொன்றாக இயக்கிப் பார்ப்பது இயலாத செயல் என்பதால், அப்பணி தானியங்கிச் சோதனை அமைப்புகளிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. ஆனால், எதைப் பார்க்கும்படி அமைக்கப்பட்டதோ அதை மட்டுமே அந்தத் தானியங்கி பார்க்கும்.

சாதாரண செயலி ஒன்று பழுதானால் அந்தச் செயலி மட்டும் மூடிக்கொள்ளும். நினைவகம், கோப்புகள், வலையமைப்பு என அனைத்தையும் பங்கிட்டுத் தரும் கெர்னல் பழுதானால் இயந்திரமே நின்றுவிடும். 2024 ஜூலை 19 அன்று உலகம் இதை நேரில் கண்டது. விண்டோஸ் கணினிகளில் கெர்னல் மட்டத்தில் இயங்கும் கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ்கள் வழங்கப்பட்டன.

அந்த மென்பொருள் சோதிக்கப்படாமல் வெளியானது அல்ல என்பதே இதில் கவனிக்க வேண்டியது. நிறுவனம் பின்னர் வெளியிட்ட ஆய்வின்படி, மென்பொருளின் ஒரு பகுதி 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. மற்றொரு பகுதி 20 மட்டுமே வழங்கியது. சோதனைகளின்போது 21-ஆவது இடத்தில் ‘எதுவாக இருந்தாலும் ஏற்கலாம்’ என்ற குறியீடே இருந்தது. எனவே அந்த மதிப்பைத் தேட வேண்டிய தேவை ஒருமுறைகூட எழவில்லை. அதை உண்மையாகவே தேடிய முதல் புதுப்பிப்பு நேராக வாடிக்கையாளர்களின் கணினிகளுக்குச் சென்றது.

பெங்களூருவின் பங்கு

லினக்ஸ் உலகில் இத்தகைய சோதனைக்கான மிகப் பழைய தொகுப்புகளுள் ஒன்று ‘லினக்ஸ் டெஸ்ட் ப்ராஜெக்ட்’. எஸ்ஜிஐ நிறுவனம் தொடங்கிய இத்திட்டத்தைப் பின்னர் ஐபிஎம் உள்ளிட்ட நிறுவனங்கள் வளர்த்தன. 2000-களின் பிற்பகுதியில் அதன் பராமரிப்பில் ஐபிஎம்மின் பெங்களூரு பொறியாளர்கள் முக்கியப் பங்கு வகித்தனர். இன்று தமிழ்க் குடும்பங்கள் பல வசிக்கும் லிங்கராஜபுரத்திலிருந்து ஹென்னூர் சாலை வழியே சென்று வெளிவட்டச் சாலையில் திரும்பினால், சில கிலோமீட்டர் தொலைவில் ஐபிஎம் அலுவலகமும் அமைந்துள்ள மான்யதா தொழில்நுட்பப் பூங்கா வந்துவிடும். இந்த நகரின் மென்பொருள் பொறியாளர்களுக்குக் கெர்னல் சோதனை புதிய துறை அல்ல.

சோதனை அமைப்பை நிறுவுபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்தக் கெர்னலைக் கட்டமைப்பது என்பதை. கெர்னலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விருப்பத் தேர்வுகள் உள்ளன. அவற்றின் எல்லாச் சேர்க்கைகளையும் எந்தக் கணினியாலும் கட்டி முடிக்க முடியாது. ஆகவே வழக்கமான தேர்வுகளைக் கொண்ட ‘டெஃப்கான்ஃபிக்’, இயன்ற அனைத்தையும் மாட்யூல்களாகச் சேர்க்கும் ‘ஆல்மாட்கான்ஃபிக்’, குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுக்கும் ‘ராண்ட்கான்ஃபிக்’ எனச் சில வகைகள் கையாளப்படுகின்றன. யாரும் நினைத்துப் பார்க்காத சேர்க்கையில் மறைந்திருக்கும் பிழையை வெளிக்கொணர்வதில் மூன்றாவது வகை பயனுள்ளது.

கட்டிய கெர்னல் முதலில் கியூஇஎம்யு போன்ற மெய்நிகர் கணினியிலும், அதன்பின் உண்மையான வன்பொருளிலும் துவக்கப்படுகிறது. 2014-இல் தொடங்கி, 2019-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் திட்டமான ‘கெர்னல்சிஐ’, பல இடங்களில் உள்ள ஆய்வகங்களை இதற்காக ஒருங்கிணைக்கிறது. அத்தகைய ஆய்வகத்தில் ஒவ்வொரு பலகையின் மின்சாரத்தையும் தொலைவிலிருந்து துண்டித்து மீண்டும் தர வழி இருக்க வேண்டும். நேர வரம்பும் அவசியம். இல்லையெனில், உறைந்துபோன ஒரு பலகை பின்னால் காத்திருக்கும் சோதனைகள் அனைத்தையும் மறித்துவிடும்.

தவிர்க்கப்பட்டதும் ‘ஓகே’தான்

முடிவுகளைப் படிக்கும் இடத்தில்தான் பெரிய பொறி காத்திருக்கிறது. ஒரு சோதனைக்குத் தேவையான அம்சம் கெர்னலில் சேர்க்கப்படவில்லை எனில் அந்தச் சோதனை தோல்வியடையாது, தவிர்க்கப்படும். கெர்னல் சோதனைகள் பயன்படுத்தும் முடிவு வடிவத்தில், தவிர்க்கப்பட்ட சோதனையின் வரியும் ‘ஓகே’ என்றே தொடங்கி, ‘ஸ்கிப்’ என்ற குறிப்பைப் பின்னால் தாங்கி நிற்கும். ‘ஓகே’ வரிகளை மட்டும் எண்ணும் தானியங்கி, நடக்காத தேர்வுக்கும் முழு மதிப்பெண் வழங்கிவிடும்.

இதற்கான மருந்து கெர்னலின் மூல நிரலிலேயே உள்ளது. ‘கேசெல்ஃப்டெஸ்ட்’ தொகுப்பின் பல அடைவுகளில், அந்தச் சோதனைக்கு எந்தெந்தத் தேர்வுகள் தேவை எனக் கூறும் கோப்பு இருக்கிறது. கட்டமைக்கும் முன் அதை இணைத்துவிட வேண்டும். நேற்று எத்தனை சோதனைகள் உண்மையில் ஓடின, இன்று எத்தனை ஓடின என்பதையும் ஒப்பிட வேண்டும். தேர்ச்சி விகிதத்தைவிட இந்த எண்ணிக்கையே அதிகம் பேசும்.

தோல்வி தென்பட்டால், காரணமான மாற்றத்தைக் கண்டறிய ‘கிட் பைசெக்ட்’ முறை உதவுகிறது. மாற்றங்களின் வரிசையை ஒவ்வொரு முறையும் பாதியாகப் பிரித்துச் சோதிப்பதால், பத்தாயிரம் மாற்றங்களுள் ஒன்றை ஏறத்தாழ 14 சுற்றுகளில் பிடித்துவிடலாம். ஆனால் ஒருமுறை தேறி மறுமுறை தோற்கும் நிலையற்ற சோதனையைக் கொண்டு இதைச் செய்தால், குற்றமற்றவரின் நிரல் மீது பழி விழும். அத்தகைய அறிக்கை இரண்டு மூன்று முறை வந்தாலே போதும், பொறியாளர்கள் அந்தத் தானியங்கியின் மின்னஞ்சலைத் திறப்பதையே நிறுத்திவிடுவர். எனவே நிலையற்ற சோதனைகள் தனியே பிரித்து வைக்கப்படுகின்றன.

புதிய பதிப்புகளைக் காட்டிலும், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள நிலையான பதிப்புகளுக்கான திருத்தங்களில் அவகாசம் மிகக் குறைவு. வரைவு வெளியானபின் பரிசீலனைக்குப் பொதுவாக 48 மணி நேரமே கிடைக்கிறது. அதற்குள் லினாரோ அமைப்பின் ‘எல்கேஎஃப்டி’ போன்ற திட்டங்கள் பல வகைக் கட்டமைப்புகளில் கெர்னலைக் கட்டி, துவக்கி, சோதித்து, பழுது இருப்பின் தெரிவிக்கின்றன. ஆண்ட்ராய்டு கைபேசிகளின் கெர்னலுக்கும் இந்தத் திருத்தங்களே அடிப்படையாகின்றன.