காற்றுதான் தீனி! 500 குதிரை சக்தி! பிரேக் பிடித்தால்தான் உயிர்!

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரம் கார்களின் தாய்வீடு. அங்கே உட்வர்ட் அவென்யு என்று ஒரு பெரிய ரோடு. டெட்ராய்ட்டில் தொடங்கி பான்டியாக் என்ற ஊர் வரை போகிறது. நீளம் சுமார் 43 கிலோ மீட்டர்.

1960-களில் இருட்டிவிட்டால் இந்த ரோட்டில் வாலிபர்கள் கூட்டம்தான். சிவப்பு விளக்கில் இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். ஒருவரை ஒருவர் முறைத்துப் பார்ப்பார்கள். பச்சை விளக்கு விழுந்ததோ இல்லையோ, உர்ர்ர் என்று சீறிப் பாய்வார்கள். டயர் புகையும். போலீஸ் வருவதற்குள் ஆளுக்கு ஒரு தெருவில் புகுந்து மறைந்து விடுவார்கள்.

இந்த ஆசைக்குத் தீனி போட வந்தவைதான் ‘மசில் கார்’கள். தமிழில் ‘பயில்வான் கார்’ என்று சொல்லலாம். கார் என்னவோ நடுத்தர சைஸ்தான். உள்ளே இருக்கும் என்ஜினோ யானை சைஸ்!

தந்திரம்

1964-ம் ஆண்டு பான்டியாக் கம்பெனி ‘ஜி.டி.ஓ.’ காரைக் கொண்டு வந்தது. அதற்குள் ஒரு தந்திரம் இருந்தது.

நடுத்தர கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் பெரிய என்ஜின் வைக்கக்கூடாது என்று தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் கட்டுப்பாடு போட்டிருந்தது. பான்டியாக்கின் தலைமை என்ஜினீயர் ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்களும் யோசித்தார்கள். புதுக் கார் என்று சொன்னால்தானே வம்பு? ‘டெம்பெஸ்ட் லெமான்ஸ்’ காருக்கு விருப்பப்பட்டவர்கள் வாங்கிக் கொள்ளும் கூடுதல் சாமான் என்று சொல்லி, 389 கன அங்குல என்ஜினை நுழைத்து விட்டார்கள்.

325 குதிரை சக்தி. மூன்று கார்புரேட்டர் வைத்த மாடலுக்கு 348. முதல் வருடமே 32,450 கார்கள் விற்றுப் போயின. மேலிடம் என்ன செய்யும்? வாயை மூடிக் கொண்டது.

அப்புறம் போட்டா போட்டி. 1966-ல் கிரைஸ்லர் கம்பெனியின் ‘ஹெமி’ என்ஜின் தெருவுக்கு வந்தது. 425 குதிரை சக்தி. 1970-ல் செவர்லே கம்பெனி 450 குதிரை சக்தியில் ‘செவல்’ காரை இறக்கியது. அந்த என்ஜினின் கொள்ளளவு 7.4 லிட்டர். நம் ஊர் பழைய அம்பாசடரின் என்ஜின் 1,489 சி.சி. அப்படியானால் ஐந்து அம்பாசடர் என்ஜின்கள் ஒரே பானட்டுக்குள்!

மூன்று வழி

இந்த என்ஜின்கள் எதிலும் டர்போ கிடையாது. காற்றை அழுத்தி உள்ளே ஊதும் மெஷின் எதுவும் கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாக உறிஞ்சும் காற்றுதான் மூலதனம்.

பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். காற்று இருந்தால்தானே எரியும்? ஒரு கிலோ பெட்ரோலை முழுசாக எரிக்க சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். ஊதும் மெஷின் இல்லாமல் குதிரை சக்தியைக் கூட்ட மூன்றே வழிகள். சிலிண்டரைப் பெரிதாக்கலாம். என்ஜினை வேகமாகச் சுழற்றலாம். காற்றையும் பெட்ரோலையும் சிலிண்டருக்குள் இன்னும் இறுக்கி எரிக்கலாம். மூன்றுக்கும் விலை உண்டு.

சிலிண்டரை அளவுக்கு மீறிக் கடைந்தால் அதன் சுவர் மெலிந்து போகும். சூடு தாங்காது. விரிசல் விட்டால் பிளாக் காலி.

வேகத்தைக் கூட்டினால் என்ன ஆகும்? நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 58 தடவை திறந்து மூட வேண்டும். பிஸ்டன் வினாடிக்கு 233 தடவை நின்று திரும்ப வேண்டும். 4 அங்குலம் ஏறி இறங்கும் பிஸ்டனாக இருந்தால் அதன் சராசரி வேகம் மணிக்கு 85 கிலோ மீட்டர்!

வால்வு ஸ்பிரிங் கொஞ்சம் சோர்ந்தால் போச்சு. வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் மேலே வந்து இடிக்கும். கனெக்டிங் ராடின் போல்ட் ஒன்று அறுந்தால், ராடு பிளாக்கை உடைத்துக் கொண்டு வெளியே வந்து விடும்.

இறுக்கத்தைக் கூட்டுவதும் ஆபத்துதான். 1970 செவல் என்ஜின் 11.25 பங்கை ஒரு பங்காக இறுக்கியது. அன்று ஈயம் கலந்த உயர்ரக பெட்ரோல் இருந்ததால் சமாளித்தது. இன்றைய சாதாரண பெட்ரோலை ஊற்றினால் ‘நாக்கிங்’ வரும். டின்னில் ஆணியைப் போட்டுக் குலுக்குவது போல் சத்தம் கேட்கும். கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும். அதனால்தான் இப்போது என்ஜின் கட்டுகிறவர்கள் அலுமினிய ஹெட்டைத் தேடுகிறார்கள். அது சூட்டைச் சீக்கிரம் வாங்கிக் கொள்ளும். கொஞ்சம் கூடுதல் இறுக்கமும் தாங்கும்.

கல் மாதிரி பெடல்

காற்று தாராளமாக உள்ளே போக வேண்டும் என்றால் வால்வு அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். அதற்குப் பெரிய கேம் ஷாப்ட் போடுவார்கள். நிற்கும்போது என்ஜின் ஒரே சீராக ஓடாது. திக்கித் திக்கி, தட... தட... என்று உறுமும். அந்த உறுமலுக்காகவே பணத்தைக் கொட்டுகிறவர்கள் உண்டு.

ஆனால் அந்த உறுமலில்தான் எமன் உட்கார்ந்திருக்கிறான்!

பவர் பிரேக் வேலை செய்வதற்கு என்ஜின் உறிஞ்சும் காற்றிழுப்பு வேண்டும். பெரிய கேம் போட்டால், மெதுவாக ஓடும்போது அந்த இழுப்பு குறைந்து விடும். பிரேக் பெடல் கல் மாதிரி இறுகிப் போகும். முழு பலத்தோடு மிதித்தால்தான் கார் நிற்கும்.

பந்தய மைதானத்தில் பரவாயில்லை. கடைசியில் ஒரு தடவை பிரேக் போட்டால் போதும். தெருவில் அப்படியா? சிக்னலுக்கு சிக்னல் நிற்க வேண்டும். பந்தைத் துரத்திக் கொண்டு குழந்தை குறுக்கே ஓடி வரும்.

1964 ஜி.டி.ஓ. காருக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் 1967-ல்தான் கிடைத்தது. பறப்பதற்கு முதலில் வழி செய்தார்கள். நிற்பதற்கு மூன்று வருடம் கழித்துத்தான் வழி பிறந்தது!

சட்டம் வந்தது

தெருவில் சீறுகிறவர்களை மைதானத்துக்கு இழுக்க 1951-லேயே அமெரிக்காவில் தேசிய ஹாட் ராட் சங்கம் தொடங்கப்பட்டது. 1959-ல் அதன் தேசியப் போட்டி டெட்ராய்ட் பக்கத்திலேயே நடந்தது. கால் மைல் தூரம், அதாவது 402 மீட்டர். நேர் ரோடு. குறுக்கே யாரும் வர மாட்டார்கள். அப்படியும் தெருப் பந்தயம் ஓயவில்லை.

பயில்வான் கார்களை மடக்கியது வேறு சங்கதிகள். 1970-ல் காற்று மாசு தடுப்புச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. 1971-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் என்ஜின்களின் இறுக்கத்தைக் குறைத்தது. இன்சூரன்ஸ் தொகை எகிறியது. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் பங்குகளில் கியூ நின்றது.

குதிரைக் கணக்கின் குட்டும் உடைந்தது. ஏர் பில்டர், சைலன்சர் எதையும் மாட்டாமல் என்ஜினை மேடையில் ஓட்டி அளந்த கணக்கைத்தான் அதுவரை விளம்பரத்தில் போட்டார்கள். 1972-ல் இருந்து காரில் இருக்கிறபடியே அளந்தார்கள். அச்சில் இருந்த குதிரைகள் பல காணாமல் போயின!

670 குதிரை

இனி காற்றை மட்டும் நம்பி பெரிய சக்தி கிடையாது என்று பலரும் முடிவு கட்டினார்கள். அது தப்பு என்று ஆனது.

2006-ல் செவர்லே ‘கார்வெட்’ காரில் 7 லிட்டர் என்ஜின் 505 குதிரை சக்தி தந்தது. அதன் கனெக்டிங் ராடு டைட்டேனியம். இரும்பை விட எடை குறைவு. 2023 மாடல் கார்வெட்டில் வெறும் 5.5 லிட்டர் என்ஜின், 8,400 சுற்றில் 670 குதிரை சக்தி! டர்போ இல்லை. ஊதும் மெஷின் இல்லை. மாசு கட்டுப்பாட்டுக்கும் அடங்குகிறது. சிக்னலிலும் ஒழுங்காக நிற்கிறது.

7.4 லிட்டரில் 450 எங்கே, 5.5 லிட்டரில் 670 எங்கே? சைஸ் மட்டும் ரகசியம் இல்லை. காற்று தடங்கல் இல்லாமல் போய் வரும் ஹெட், எடை குறைந்த ராடு, சோராத ஸ்பிரிங், சரியான எண்ணெய் ஓட்டம், எல்லாம் சேர்ந்துதான் சக்தி.

பழைய காரை வாங்கி வீட்டு ஷெட்டில் என்ஜின் கட்டும் வாலிபர்கள் அமெரிக்காவில் இன்றும் ஏராளம். விவரம் தெரிந்தவர்கள் கேமை ஒரு சைஸ் சிறிதாகவே போடுகிறார்கள். பிரேக்குக்குத் தனியாகக் காற்றிழுக்கும் பம்ப் மாட்டுகிறார்கள். டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் வைக்கிறார்கள். இதனால் முப்பது, நாற்பது குதிரை குறையலாம். குறைந்தால் குறையட்டும்.

முதல் பில் பிரேக்குக்கு. கேம் ஷாப்ட் பில் அப்புறம்தான்!