கணுக்கால் நீரில் ஓடும் படகு

4 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் தட்டையான அடியும் கொண்ட ஓர் அலுமினியப் படகை எடுத்துக்கொள்வோம். அது ஒரு சென்டிமீட்டர் அமிழ்ந்தால் சுமார் 48 லிட்டர் தண்ணீரை விலக்கும். அதாவது 48 கிலோ எடையைத் தாங்கும். படகு, மோட்டார், எரிபொருள், இரண்டு ஆட்கள் எல்லாம் சேர்ந்து 290 கிலோ என்றால், ஆர்க்கிமிடீஸ் விதிப்படி அது மிதக்க 6 செ.மீ. தண்ணீர் போதும். ஆனால் அதே படகால் ஓரடி ஆழத்தில்கூட ஓட முடியாது. அடித்தகட்டுக்குக் கீழே ஏறத்தாழ 30 செ.மீ. வரை புரொப்பெல்லரும் அதன் காப்புத் துடுப்பும் தொங்குகின்றன. ஆழமற்ற நீருக்காகப் படகை மாற்றியமைப்பவர்களின் வேலையெல்லாம் இந்த 30 செ.மீ.யோடுதான்.

மோட்டாரை மேலே ஏற்றிவிட்டால் என்ன? புரொப்பெல்லர் காற்றைக் கடையும், எஞ்சின் அலறும், படகு நகராது. ஆகவே மோட்டாரோடு தண்ணீரையும் ஏற்றியாக வேண்டும். அலுமினியத்தை வெட்டவும் பற்றவைக்கவும் முடியும் என்பதால் இது சாத்தியமாகிறது. படகின் பின்பகுதியில் அடித்தகட்டை வெட்டி, கவிழ்த்துவைத்த வாய்க்கால்போல ஒரு குடைவைப் பொருத்துகிறார்கள். புரொப்பெல்லர் சுழன்று குடைவிலுள்ள காற்றைப் பின்னால் தள்ளும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளியே வளிமண்டலம் நீர்ப்பரப்பை அழுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால் தண்ணீர் சுற்றியுள்ள மட்டத்தையும் தாண்டிக் குடைவின் கூரைவரை ஏறி நிற்கிறது. உயர்த்திய புரொப்பெல்லருக்கு அந்த நீர் போதும்.

இதற்கு ஒரு விலை உண்டு. குடைவு 30 செ.மீ. அகலமும் 1.2 மீட்டர் நீளமும் இருந்தால், 6 செ.மீ. அமிழ்ந்த படகு சுமார் 22 கிலோ மிதப்பை இழக்கிறது. அதுவும் மோட்டாரின் எடை அழுத்தும் பின்பக்கத்தில். அதனால்தான் குடைவு வைத்தவர்கள் பெட்ரோல் டேங்கையும் பேட்டரியையும் முன்பக்கத்துக்கு மாற்றுகிறார்கள்.

புரொப்பெல்லரே வேண்டாம் என்று முடிவெடுத்தவர் நியூசிலாந்தின் பில் ஹாமில்டன். தெற்குத் தீவில் ஆடு வளர்த்தவர், பொறியியலும் அறிந்தவர். அங்கே மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் கூழாங்கல் படுகையில் பல கிளைகளாகப் பிரிந்தும் சேர்ந்தும் ஓடும். பல இடங்களில் கணுக்கால்தான் நனையும். 1950களின் தொடக்கத்தில் அவர் பம்புப் படகு உருவாக்கும் முயற்சியில் இறங்கினார். அடித்தகட்டிலுள்ள திறப்பு வழியாக நீரை உறிஞ்சி, உள்ளே சுழலும் இம்பெல்லரால் வேகமூட்டிப் பின்னால் பீய்ச்சுவது அவர் திட்டம். அன்றைய அமெரிக்கக் கருவி ஒன்று நீரைப் படகுக்கு அடியில் வெளியேற்றியது. ஹாமில்டன் பீச்சுகுழலை நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுவந்தார். வேகம் கூடியது. பீய்ச்சிய நீர் ஆற்று நீரை உதைப்பதால் படகு நகர்கிறது என்றுதான் பலரும் எண்ணுவார்கள். உண்மையில், நீரைப் பின்னால் எறிவதன் எதிர்வினையே படகை முன்னால் தள்ளுகிறது. எறிந்த நீர் காற்றில் விழுந்தாலும் அந்தத் தள்ளல் குறையாது. கூடவே, அடியில் உராய எதுவும் மிஞ்சுவதில்லை. 1960இல் அவருடைய ஜெட் படகுகள் கொலராடோ ஆற்றின் கிராண்ட் கேன்யனை நீரோட்டத்துக்கு எதிராக ஏறிக் கடந்தன.

இன்று சிறிய மோட்டாரின் கீழ்ப்பகுதியைக் கழற்றிவிட்டு ஜெட் பம்பைப் பொருத்திக்கொள்ளலாம். ஆனால் திறனில் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடும்; கூழாங்கல்லும் பாசியும் திறப்பின் கம்பிவலையை அடைக்கும். பீய்ச்சும் நீரைத் திருப்பித்தான் படகைத் திருப்ப வேண்டும் என்பதால், பயந்துபோய் எஞ்சினைத் தணித்தால் படகு சொன்னபடி கேட்காது.

மிக விந்தையானது வேகத்தின் கதை. ஆழமற்ற நீரில் அலையின் வேகத்தை ஆழம்தான் நிர்ணயிக்கிறது. 25 செ.மீ. நீரில் எந்த அலையும் மணிக்குச் சுமார் 5.6 கி.மீ.க்கு மேல் போகாது. படகு அந்த வேகத்தை நெருங்கும்போது தான் எழுப்பிய அலையே அதன் முன்னால் குவிகிறது. பின்பகுதி அமிழ்ந்து தரையைத் தேடுகிறது. தாண்டிவிட்டால் அலை பின்தங்கிவிடும், தடையும் குறையும். ஸ்காட்லாந்துக் கால்வாய் ஒன்றில் படகிழுத்த குதிரை மிரண்டு ஓடியபோது, படகு அலையின்மேல் ஏறி எளிதாக வழுக்கிச் சென்றதை பொறியாளர் ஜான் ஸ்காட் ரஸல் பதிவுசெய்திருக்கிறார். வேகம் இன்னும் கூடினால், படகின் அடியில் மோதும் நீரே அதை மேலே தூக்குகிறது. அப்போது நல்ல ஜெட் படகு 10 செ.மீ. நீரிலும் ஓடும். ஆக, மெதுவாகப் போகலாம், விரைந்தும் போகலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட வேகம்தான் தரைதட்டவைக்கும். விரைந்து ஓடும் படகு நடுவில் நின்றாலும் ஆபத்துதான். நின்றதும் அமிழ்ந்து கல்லில் உட்கார்ந்துவிடும். மறுபடி கிளம்பி எழும்ப ஆழமான இடம் வேண்டும்.

இத்தனையும் கற்றவர்கள் இன்னொன்றும் அறிய வேண்டும். இதுவரை எந்தப் படகும் நுழையாத இடங்கள் இப்போது திறந்துவிட்டன. அதே நியூசிலாந்து ஆறுகளின் வெறும் கூழாங்கல் திட்டுகளில்தான் ரைபில் என்ற சிறு பறவை முட்டையிடுகிறது. வலப்பக்கமாக வளைந்த அலகு உலகில் அதற்கு மட்டுமே உண்டு. முன்பு ஆழமின்மையே அதற்குக் காவலாக இருந்தது. அந்தக் காவலை நாம் நீக்கிவிட்டதால், இனப்பெருக்கக் காலத்தில் எந்தக் கிளையில் நுழையக் கூடாது என்று தெரிந்துகொள்வதும் படகோட்டியின் தொழிலறிவில் சேர்ந்துவிடுகிறது.