நோயே இல்லாமல் செத்த மீன்கள்

மும்பை தாராவியில் 90 அடி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் வண்ண மீன் கடை வைத்திருக்கிறார். பத்தடிக்கு எட்டடி இடம். ஆறு கண்ணாடித் தொட்டிகள். தோல் பட்டறையில் பதினைந்து வருடம் உழைத்துச் சேர்த்த காசும், வட்டிக்கு வாங்கிய 40 ஆயிரம் ரூபாயும் அந்தத் தண்ணீருக்குள்தான் கிடக்கின்றன.

கடை திறந்த மூன்றாம் மாதம் மீன்கள் சாகத் தொடங்கின. உடம்பில் புண் இல்லை, புள்ளி இல்லை. வாரத்துக்குப் பத்து, பதினைந்து என்று போய்க்கொண்டிருந்தன.

நான் ரெயில்வே பார்சல் ஆபீசில் கிளார்க். சென்னை கொளத்தூரிலிருந்து வரும் மீன் பெட்டிகள் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். ஒருநாள் அண்ணாச்சி ஒரு தாளோடு வந்து நின்றார்.

"தம்பி, பார்சல் லேட்டாகித்தான் மீன் சாவுது போல. மேல ஒரு பெட்டிஷன் எழுதித் தாரியா?"

எனக்குச் சுருக்கென்றது. பதிவேட்டைப் புரட்டினேன். கடைசிப் பெட்டி நேரத்துக்கு வந்திருந்தது. வந்தும் மூன்று வாரம் ஆகியிருந்தது. வழியில் அடிபட்ட மீன் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும்; மூன்று வாரம் காத்திருக்காது. ஆனாலும் சும்மா திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. சாயங்காலம் கடைக்குப் போனேன்.

நீல மருந்து

யாரோ சொன்னார்கள் என்று எல்லாத் தொட்டியிலும் மெத்திலின் புளூ ஊற்றியிருந்தார். தண்ணீர் மை கரைத்ததுபோல இருந்தது. மீன்கள் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின.

பெட்டிகளோடு கூடவே வரும் கொளத்தூர் வியாபாரி ஒருவர் அந்த வாரம் மும்பையில் இருந்தார். அவரைக் கூட்டிப்போனேன். அவர் மீனைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. கேள்விகளாகக் கேட்டார். எல்லா ஜாதி மீனும் சாகிறதா, ஒரே ஜாதியா? ஒரே ராத்திரியில் மொத்தமாகவா, ஒவ்வொன்றாகவா? கடையில் கொசு மருந்து, கரப்பான் மருந்து அடிப்பதுண்டா?

அவர் விளக்கியதாவது:-

"ஒரே ராத்திரியில் எல்லாம் செத்தால் விஷம், அல்லது காற்று இல்லை. பூச்சி மருந்து மனுஷனுக்குத் தும்மல், மீனுக்கு எமன். ஏர் பம்ப் அறைக் காற்றைத்தானே இழுத்துத் தண்ணீரில் விடுகிறது! ஒரு ஜாதி மட்டும் செத்தால் புது மீனோடு வந்த நோயாக இருக்கலாம். உப்புத் தூவினதுபோல வெள்ளைப் புள்ளி இருந்தால் அது ஒட்டுண்ணி. எல்லா ஜாதியும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்து, உடம்பில் ஒன்றுமே இல்லை என்றால், முதலில் தண்ணீரைத்தான் சோதிக்க வேண்டும்."

மதினி சொன்ன துப்பு

அப்போதுதான் அண்ணாச்சி வீட்டு மதினி வாய் திறந்தார். "ஞாயித்துக்கிழமை தொட்டி கழுவுவாவ தம்பி. செவ்வா, புதன் ஆனா சாவும். நான் சொன்னா கேக்க மாட்டாவ."

வியாபாரி பையிலிருந்து சோதனைக் குப்பியை எடுத்தார். தொட்டித் தண்ணீரில் சொட்டு மருந்து விட்டார். மஞ்சளாக இருந்தால் நல்லது. கரும்பச்சை ஆயிற்று. அம்மோனியா!

விஷயம் இதுதான். மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிச்சத் தீனி அழுகினாலும் அதுவே உண்டாகிறது. பில்டர் பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அதிகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இவை பெருகவே 4 முதல் 6 வாரம் ஆகும். அண்ணாச்சி வாராவாரம் பஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று பிழிந்து கழுவினார். குழாய்த் தண்ணீரில் குளோரின். நோய்க் கிருமிக்காகப் போடும் குளோரின் இந்த நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். மிச்சமிருந்ததை நீல மருந்தும் கெடுத்தது. அம்மோனியா ஏறி, செவுள் வெந்து, மீன் மூச்சு முட்டிச் செத்திருக்கிறது.

மனிதர் சுத்தம் பார்த்தே கெடுத்திருக்கிறார். அண்ணாச்சி முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. மதினி மட்டும் சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டார்.

செய்தது என்ன?

இரண்டு நாள் தீனி நிறுத்தம். தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம். புதுத் தண்ணீருக்கு ஹைப்போ போட்டுக் குளோரினை முறித்த பிறகே ஊற்ற வேண்டும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் இலேசாக அலசினால் போதும், அதுவும் மாதம் ஒருமுறை. ஆறு தொட்டியையும் ஒரே நாளில் தொடக்கூடாது.

புது மீன் வாங்குவோருக்கும் வியாபாரி ஒன்று சொன்னார். நெடுந்தூரம் வந்த பையைப் பிரித்து, அப்படியே மணிக்கணக்கில் மிதக்க விடாதீர்கள். மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து தண்ணீர் புளித்திருக்கும். அதில் அம்மோனியாவின் கடுமை அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறி, அம்மோனியா வீரியமாகிவிடும். பையைக் கட்டியபடியே சிறிது நேரம் மிதக்கவிட்டு, பிரித்தவுடன் மீனை மட்டும் வலையில் எடுத்துத் தொட்டியில் விடுவதே சரி.

போன வாரம் கடைக்குப் போயிருந்தேன். பத்து நாளாக ஒரு மீனும் சாகவில்லை. கடனில் இன்னும் 22 ஆயிரம் பாக்கி. பெட்டிஷன் எழுதக் கொண்டுவந்த தாளைச் சுவரில் ஒட்டி, அதில் தேதிவாரியாக அம்மோனியா கணக்கு எழுதி வருகிறார். கையெழுத்து மதினியுடையது.