நீரிழிவும் நினைவும்

அற நூலுக்கு மருந்தின் பெயர் வைத்தது தமிழ் மரபு. திரிகடுகம், ஏலாதி, சிறுபஞ்சமூலம் மூன்றும் மருந்துப் பெயர்களே. ஏலாதி பாடிய கணிமேதாவியாரும் சிறுபஞ்சமூலம் பாடிய காரியாசானும் சமணர்கள். உடம்புக்கு மருந்து எப்படியோ அப்படி உள்ளத்துக்கு அறம் என்பது அவர்கள் கருத்து. உடம்பின் கேடு உள்ளத்தையும் தொடும் என்பதற்கு இன்றைய மருத்துவம் காட்டும் நல்ல உதாரணம் நீரிழிவு. சித்த மருத்துவம் இதை மதுமேகம் என்கிறது. நாம் சர்க்கரை வியாதி என்கிறோம்.

சர்க்கரை என்றால் கண், சிறுநீரகம், கால் புண் என்று பயப்படுகிறோம். மூளையை நினைப்பவர்கள் குறைவு. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உண்டு. எனவே எல்லா வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

மூளையின் வரவு செலவு

உடல் எடையில் மூளை நூற்றுக்கு 2 பங்குதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உடம்பின் சக்தியில் சுமார் 20 பங்கை அதுவே செலவழிக்கிறது. அதன் முக்கிய உணவு குளுக்கோஸ். கல்லீரலுக்குச் சர்க்கரையைச் சேர்த்து வைக்கக் கிடங்கு உண்டு. மூளைக்குக் கையிருப்பு மிகச் சொற்பம். அன்றாடம் சரக்கு வந்தால்தான் நடக்கும் காய்கறிக் கடை மாதிரி அது. சரக்கு வராவிட்டாலும் நஷ்டம், வரும் சாலை கெட்டாலும் நஷ்டம். இரத்தத்தில் சர்க்கரை கூடினால் சாலை கெடுகிறது; குறைந்தால் சரக்கு நிற்கிறது.

கூடினால்

பல வருஷம் கூடுதலாக இருக்கும் சர்க்கரை இரத்தக் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கிறது. விழித்திரையின் நுண்குழாய்களுக்கு நேரும் கதியே மூளையின் நுண்குழாய்களுக்கும் நேர்கிறது. பெரிய குழாய் அடைத்தால் பக்கவாதம். அது ஊருக்கே தெரியும். நுண்குழாய்கள் அடைத்தால் சத்தமே இருக்காது. யோசனை மந்தமாகும், கணக்குப் போடத் தாமதமாகும், பழகிய வழி மறக்கும். இரத்த அழுத்தமும் சேர்ந்தால் கேடு சீக்கிரம் வரும்.

ஹாலந்து நாட்டு ரோட்டர்டாமில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1999-இல் வெளிவந்தது. நீரிழிவு உள்ளவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று அது கண்டது. நீரிழிவு என்று சொல்லும் அளவுக்கு வராதவர்களிடமும் சர்க்கரை ஏற ஏற அந்த வாய்ப்பு ஏறுவதை 2013-இல் வந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. வாய்ப்பு கூடுகிறது என்பதற்கு எல்லோருக்கும் வந்தே தீரும் என்று அர்த்தமில்லை.

குறைந்தால்

“எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது” என்பது தப்புக் கணக்கு. 70 மில்லிகிராமுக்குக் கீழே போனாலே எச்சரிக்கை. 54-க்குக் கீழே மூளையே தடுமாறும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பிறகு பேச்சுக் குழறல், காரணமில்லாத கோபம், மயக்கம். பார்ப்பவர்கள் குடிபோதை என்றுகூட நினைத்துவிடுவார்கள். வயதானவர்களுக்கு முன்னறிகுறி இல்லாமலும் வரும். மருத்துவமனைக்குப் போகும் அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்த முதியோருக்குப் பின்னாளில் மறதி நோய் அதிகம் வந்ததாக 2009-இல் இன்னொரு அமெரிக்க ஆய்வு கூறியது. இதனால்தான் தள்ளாத வயதினருக்கு டாக்டர்கள் கட்டுப்பாட்டைக் கொஞ்சம் தளர்த்துகிறார்கள்.

விரதமும் மாத்திரையும்

சமணர்களான எங்களுக்குப் பொழுது சாய்ந்தபின் உணவில்லை. தசலட்சண நாட்களில் உபவாசமும் உண்டு. உங்கள் வீடுகளில் ஏகாதசி, சஷ்டி. மாலை 6 மணிக்குள் சாப்பிட்டவர், “இரவு உணவுக்கு முன்” என்று எழுதிய கிளிமிபிரைடு மாத்திரையை 9 மணிக்குப் போட்டால் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கும். இன்சுலினும் அப்படியே. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. மருந்தை நாமாக நிறுத்தவும் கூடாது. சாப்பாட்டு நேரத்தையும் விரத நாளையும் டாக்டரிடம் சொல்லி வேளையை மாற்றி எழுதி வாங்க வேண்டும். ஹிந்தி தெரியாத பெரியவர்களோடு பிள்ளைகள் கூடவே போக வேண்டும்.

விரதத்தின் நடுவே சர்க்கரை தாழ்ந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். விரதம் கெட்டதே என்று வருந்த வேண்டாம். தத்துவார்த்த சூத்திரம் சக்திக்கேற்ற தவத்தையே சொல்கிறது. அகிம்சை நம் உடம்புக்கும் உண்டு.

இன்னொன்று, மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிட்டால் பி12 சத்து குறையலாம். சைவ உணவுக்காரர்களுக்கு அது முன்பே குறைவு. அந்தக் குறையும் மறதி தரும். ஆனால் காலத்தில் கண்டுகொண்டால் ஊசியிலோ மாத்திரையிலோ சரிசெய்யலாம்.

ஊரிலிருந்து வந்து பிள்ளையோடு இருக்கும் அம்மா வீட்டு வழியை மறந்தால், “புது ஊர், பாஷை தெரியாது, வயசாச்சு” என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடாமல் சர்க்கரை, இரத்த அழுத்தம், பி12, தைராய்டு நான்கையும் பார்த்துவிடுங்கள். அடுப்படியில் மூன்று தேக்கரண்டி சர்க்கரையும், அம்மாவின் மாத்திரை வேளை எழுதிய ஒரு தாளும் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.