ஒழுங்கு தோன்றா நிலைமாற்றம்: இருபரிமாணக் காந்த மாதிரியில் சுழிகள்

நீர் உறைவதும், சூடேறிய இரும்பு காந்தத்தன்மையை இழப்பதும் நிலைமாற்றத்திற்கு நாம் வழக்கமாகக் காட்டும் சான்றுகள். இரண்டிலும் ஓர் ஒழுங்கு தோன்றுகிறது அல்லது மறைகிறது. இதனையே நிலைமாற்றத்தின் இலக்கணமாகக் கொள்வோரும் உளர். அவ்விலக்கணத்திற்குள் அடங்காத மாற்றம் ஒன்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

ஒரு தளத்தில் கட்டந்தோறும் ஓர் அம்பு நிற்பதாகக் கொள்வோம். அம்பு என்பது அணுவின் தற்சுழற்சி. அது அண்டை அம்போடு ஒத்த திசையில் நிற்கவே விழையும். மேல், கீழ் என இரு திசைகளே உள்ள ஈசிங் மாதிரியில் நிலைமாற்றம் உண்டென்பதை 1944இல் ஒன்சாகர் துல்லியமாகக் காட்டினார். ஆனால், அம்பு தளத்திற்குள் எத்திசையிலும் திரும்பலாம் என்றால், எவ்வளவு குளிர்வித்தாலும் நெடுந்தொலைவு ஒழுங்கு நிலைக்காது. இது 1966இல் மெர்மினும் வாக்னரும் நிறுவிய முடிவின்வழிப் பெறப்படுவது.

ஒழுங்கு இல்லையெனில் மாற்றமும் இல்லை என்று முடிவு கட்டுவது எளிது. அது பிழை என்பதைச் சோவியத் அறிஞர் பெரெசின்ஸ்கி 1970களின் தொடக்கத்திலும், கோஸ்டர்லிட்சும் தௌலெசும் 1973இலும் புலப்படுத்தினர். ஒரு புள்ளியைச் சுற்றி வருகையில் அம்புகள் ஒரு முழுவட்டம் திரும்புமாயின் அவ்விடத்தில் ஒரு சுழி உள்ளது. (தற்சுழற்சி என்பது ஓர் அம்பு, சுழி என்பது பல அம்புகளின் கோலம். இரண்டையும் ‘சுழற்சி’ என்றே மொழிபெயர்த்தால் மாணவர் தடுமாறுவர். ஆற்றுச் சுழியை நினைவூட்டும் சொல்லே இங்குப் பொருந்தும்.)

தனிச் சுழியின் ஆற்றல் தளத்தின் நீளத்தினுடைய மடக்கைக்கேற்பப் பெருகும். அச்சுழி அமையக்கூடிய இடங்கள் பலவாதலின், அதனால் விளையும் என்ட்ரோபியும் அதே மடக்கைக்கேற்பவே பெருகும். எனவே வெற்றியைத் தீர்மானிப்பது தளத்தின் அளவன்று, வெப்பநிலையே. தாழ்வெப்பநிலையில் வலஞ்சுழியும் இடஞ்சுழியும் இணைகளாகப் பிணைந்து ஒன்றன் விளைவை மற்றொன்று தணிக்கும். அம்புகளுக்கிடையிலான ஒத்திசைவு தொலைவின் அடுக்குவிதிப்படி மெல்லவே குறையும். மாறுவெப்பநிலையைக் கடந்தால் இணைகள் பிரியும். ஒத்திசைவும் விரைந்து தேயும். தன்வெப்பத்தின் முகடுகூட மாறுவெப்பநிலையில் அமைவதில்லை. சற்று மேலே, மழுங்கலாகத் தோன்றும். ஆகவே வெப்ப அளவீட்டை மட்டும் நம்புவோர் இம்மாற்றத்தைக் காணத் தவறுவர்.

தனிச் சுழியை மட்டும் எண்ணும் கணக்கு, அண்டை அம்புகளின் பிணைப்பாற்றலை அலகாகக் கொண்டால், மாறுவெப்பநிலையை ஏறத்தாழ 1.57 என்கிறது, கணினிவழிக் கணக்கீடுகள் தருவதோ 0.89. எண் தவறினாலும் காரணம் தவறவில்லை.

மீப்பாய்ம ஹீலியத்தின் மெல்லிய படலத்திற்கும் இதே கணிதம் பொருந்தும். அங்கு மீப்பாய்ம அடர்த்தி திடீரென வீழும் என நெல்சனும் கோஸ்டர்லிட்சும் 1977இல் கணித்தனர். 1978இல் பிஷப், ரெப்பி ஆகியோரின் சோதனை அதனை உறுதிசெய்தது. தௌலெசும் கோஸ்டர்லிட்சும் 2016இல் ஹால்டேனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பெரெசின்ஸ்கி 1980இலேயே மறைந்துவிட்டார்; ஆயினும் இம்மாற்றத்தை மூவர் பெயராலும் குறிப்போர் அவர் பெயரையே முதலில் வைக்கின்றனர்.